"அப்பாவை இட்டுக்கினு வா" என்றால் பையன் வரமாட்டான்

வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பள்ளியை விட்டு நிற்கப் பார்க்கும் 9, 10-ஆம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றியவை. சில கேள்விகளைச் சுருக்கியிருக்கிறோம், பெயர்களை எடுத்துவிட்டோம். உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் இருப்பவர்களும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

என் மகன் 9-ஆம் வகுப்பு. காலாண்டு லீவுக்குப் பிறகு பள்ளிக்கூடம் சரியாகப் போவதில்லை. யூனிஃபார்ம் போட்டு, சாப்பாடு கட்டிக்கொண்டு கிளம்புகிறான். ஆனால் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறான் என்று பக்கத்து வீட்டார் சொல்லித்தான் தெரிந்தது. பள்ளியில் போய்க் கேட்டால், "இவன் பத்தாவது பாஸாக மாட்டான், டி.சி. வாங்கிக்கோங்க" என்கிறார்கள். வாங்கிவிடட்டுமா?
- ஒரு தாய், குடியாத்தம்

வாங்காதீர்கள், அம்மா. டி.சி. என்பது பெற்றோர் எழுதிக் கேட்டு வாங்குவது. விண்ணப்பத்தில் நீங்கள் கையெழுத்து வைத்துவிட்டால், பள்ளி வெளியே அனுப்பியது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போய்விடும். டி.சி. போட்டதும் எமிஸ் என்ற மாணவர் பதிவு இணையதளத்தில் அவன் பெயர் அந்தப் பள்ளியிலிருந்து நீங்கி 'பொதுத் தொகுப்பு'க்குப் போகும். இன்னொரு பள்ளி எடுத்துக்கொள்ளும்வரை அவன் எந்தத் தலைமை ஆசிரியரின் கணக்கிலும் இல்லை. பெயர் இருக்கிறவரைக்கும்தான் "ஏன் வரவில்லை?" என்று கேட்க ஒருவராவது இருப்பார்.

பள்ளி ஏன் அப்படிச் சொல்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியில் வேலூர் மாவட்டம் 2024-ல் 82.07 சதவீதம், 2025-ல் 85.44 சதவீதம். இரண்டு வருடமும் மாநிலத்திலேயே கடைசி இடம். மாநிலச் சராசரியோ 91.55, 93.80. சதவீதத்தைக் கூட்டு என்று மேலிருந்து நெருக்கினால் கீழே இரண்டு வழிதான். ஒன்று, படிக்காத பிள்ளையைப் படிக்க வைப்பது. இன்னொன்று, ஒன்பதாவதிலேயே அவனைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவது. டி.சி. வாங்கிப் போன பையன் தோல்விப் பட்டியலிலும் வரமாட்டான். எல்லாப் பள்ளியும் அப்படிச் செய்வதில்லை. ஆனால் செய்கிற இடத்தில் உங்கள் கையெழுத்துதான் அவர்களுக்கு வேண்டும்.

இன்று ராத்திரி திட்டாமல் ஒரு காரியம் செய்யுங்கள். அக்கம்பக்கத்தில் ஒரு ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் வாங்கி, ஏதாவது ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். தம்பி தங்கை எதிரில் வேண்டாம். ஒன்றிரண்டு சொல்லில் திணறினால் பரவாயில்லை. சொல்லுக்குச் சொல் நிற்கிறான், முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்கிறான் என்றால் விஷயம் அங்கேதான் இருக்கிறது. பிறகு 402-லிருந்து 167-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். நடுவிலிருக்கும் சுழியத்தில் கடன் வாங்கத் தெரியாமல் பேனாவைக் கடிப்பான். இது தெரியாத பிள்ளையை அறிவியலும் இயற்கணிதமும் நடக்கிற வகுப்பில் நாளுக்கு எட்டு பீரியட் உட்கார வைத்தால், பெரியவர்களே எழுந்து ஓடிவிடுவார்கள். கடையில் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துக் கொடுத்தால் "சூப்பர்டா" என்கிறார் முதலாளி. எங்கே மரியாதை கிடைக்கிறதோ அங்கே கால் போகிறது.

நன்றாகவே வாசிக்கிறான், கணக்கும் போடுகிறான் என்றால் காரணம் வேறு. அடிக்கிற ஆசிரியர், கேலி செய்கிற கும்பல், பஸ்ஸில் வம்பு, அல்லது வீட்டில் அவன் கண்ட ஏதோ ஒரு கடன். "ஏன் போகல?" என்று கேட்டால் "சும்மாதான்" என்பான். "எந்த பீரியட் வந்தா வெளிய போகணும்னு தோணுது?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்குப் பதில் வரும்.

அடுத்த நாள் தலைமை ஆசிரியருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியோடு கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். மகன் தொடர்ந்து படிக்க விரும்புகிறோம், டி.சி. வேண்டாம், 6 முதல் 9 வரை அடிப்படை வாசிப்புக்கும் கணக்குக்கும் நடக்கும் 'திறன்' பயிற்சியில் அவனைச் சேருங்கள், முதல் நான்கு வாரம் அவன் வராத நாளில் காலை 10 மணிக்குள் என் செல்லுக்குச் சொல்லுங்கள் என்று நான்கு வரி போதும். மறுத்தால் மாவட்டக் கல்வி அலுவலர் (இடைநிலை) அலுவலகம். அங்கும் நகரவில்லை என்றால் 14417 கல்வி உதவி எண், திங்கட்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டம். கையொப்பம் வாங்கிய பிரதி இல்லாமல் போனால் பேச்சு பேச்சோடு போய்விடும்.

கடைக்காரரையும் ஒரு தடவை பாருங்கள், சண்டைக்கு அல்ல. 14 வயது முடியாத பிள்ளையை வேலைக்கு வைப்பதே குற்றம். 14 முதல் 18 வரை ஆபத்தில்லாத தொழிலில் வைக்கலாம். ஆனால் இடைவேளை உட்பட நாளுக்கு 6 மணி நேரத்துக்கு மேல் கூடாது, இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை கூடாது. தோல் பதனிடும் இடத்தில் 18 முடியும்வரை அறவே கூடாது. பள்ளி நேரத்தில் உள்ளே விடாதீர்கள், வேண்டுமானால் சனிக்கிழமை வரட்டும் என்று சொல்லிப் பாருங்கள். பையனுக்கு 14 முடிந்திருந்தால் ஒரேயடியாகக் கடையை அறுத்துவிட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அவன் கைக்கு வருகிற ஒரே விஷயம் இப்போதைக்கு அதுதான்.

வகுப்பாசிரியராக இருக்கிறேன், 9-ஆம் வகுப்பு, 43 பேர். யார் படிப்பை விட்டு நிற்கப் போகிறார்கள் என்று முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது?
- ஓர் ஆசிரியை, கே.வி.குப்பம்

வருகைப் பதிவேட்டை நாள் வாரியாகப் பார்க்காமல் பிள்ளை வாரியாகக் குறுக்கே படியுங்கள். தொடர்ந்து ஐந்து நாள் வராதவன் கண்ணில் படுவான், அவனுக்குக் காய்ச்சலாக இருக்கலாம். கண்ணில் படாமல் நழுவுகிறவன் வாரத்துக்கு ஒரு நாள் போடுகிறவன், அதிலும் திங்கட்கிழமை. இரண்டு மாதத்தில் எட்டு, பத்து நாள் இப்படிச் சிதறியிருந்தால் அந்தப் பெயரைத் தனியாக எழுதி வையுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காணாமல் போகிறவர்கள் பதிவேட்டில் தெரியவே மாட்டார்கள். அவர்களுக்காக வாரம் ஒரு நாள் ஆறாவது பீரியடில் எண்ணிப் பார்க்க வேண்டும். இதோடு வாசிப்பு வராதவர்கள், வீட்டில் சமீபத்தில் சாவு, கடன், பிரிவு நடந்தவர்கள் என்று இரண்டு குறிப்பு சேர்த்தால் 43 பேரில் ஏழெட்டுப் பெயர் நிற்கும். அவ்வளவு பேரைக் கவனிக்க ஒரு ஆசிரியரால் முடியும்.

இனி, செய்யக்கூடாத ஒன்று. இரண்டு நாள் வராமல் மூன்றாம் நாள் வாசலில் வந்து நிற்கிற பையனிடம் "அப்பாவை இட்டுக்கினு வா, அப்பதான் உள்ள விடுவேன்" என்று சொல்வது. வேலூர்ப் பக்கம் பள்ளியை விட்டுப் பிள்ளைகள் வெளியே போகிற பெரிய வாசல் இந்த வாக்கியம்தான். அப்பா பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பார், அல்லது வீட்டில் இருந்தும் கூட்டிவர முடியாத நிலையில் இருப்பார். அம்மா ஒரு நாள் கம்பெனி லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு. பையன் வீட்டில் சொல்லவே மாட்டான். மறுநாள் வரமாட்டான், அதற்கு மறுநாள் வர வெட்கம். பத்து நாளில் அவனுக்கு வேலை கிடைத்துவிடும். மூன்றாம் நாள் வந்தவனை முதலில் உட்கார வையுங்கள். இன்டர்வலில் நீங்களே போன் போடுங்கள். எண் மாறியிருக்கும், அதனால் ஜூன் மாதத்திலேயே சித்தி, தாத்தா, பக்கத்து வீடு என்று இரண்டு எண் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கூப்பிட்டு வர வகுப்புப் பையன்களை அனுப்புவதும் வேண்டாம். அவர்கள் தெருவே கேட்கிற மாதிரி கத்திவிட்டு வருவார்கள். நீங்கள் போகும்போது மாலை ஆறு மணிக்கு மேல் போங்கள். விட்டுப்போன பாடத்தின் நோட்டு ஒன்றைக் கையில் கொண்டு போங்கள். "ஏன் வரல?" என்பதற்குப் பதில் "இதைக் கொடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று தொடங்க ஒரு சாக்கு கிடைக்கும்.

பத்தாவதில் கணக்கும் அறிவியலும் போய்விட்டது. "இனி படிப்பு வேண்டாம்" என்கிறான். ஒரு வருடம் வீணாகுமா?
- ஒரு தந்தை, அணைக்கட்டு

ஆகாது. போன இரண்டு பாடத்தை மட்டும் துணைத்தேர்வில் எழுதலாம், படித்த பள்ளி மூலமாகவே விண்ணப்பிக்கலாம். அதில் தேறினால் இதே வருடம் பிளஸ் ஒன் சேரலாம். முடிவு வந்த வாரமே விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் அழுகையும் அடியுமாக இருக்கிற அந்த வாரத்தில்தான் பலர் தேதியைத் தவறவிடுகிறார்கள்.

அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20-ம் செய்முறையில் 15-ம் எடுத்தால் தேர்ச்சி. செய்முறை ஏற்கெனவே செய்திருப்பான், ஆக 75-க்கு 20 தான் அவன் கடன். ஒரு மதிப்பெண் வினாவே 12 இருக்கிறது. பாடத்தின் பின்னால் இருக்கும் வினாக்களை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தாலே அதில் ஏழெட்டு கிடைக்கும்.

கணக்கில் 100-க்கு 35. தாள் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்: ஒரு மதிப்பெண் 14, இரண்டு மதிப்பெண் பத்து, ஐந்து மதிப்பெண் பத்து, கடைசியில் எட்டு மதிப்பெண் வினா இரண்டு. அந்தக் கடைசி இரண்டில் ஒன்று செய்முறை வடிவியல், ஒன்று வரைபடம். இரண்டுக்கும் சூத்திரத்தை விடக் கைப்பழக்கம்தான் வேண்டும். முக்கோணம் வரைவது, வட்டத்துக்குத் தொடுகோடு வரைவது, இருபடி வரைபடம் எல்லாம் தினம் ஒன்று போட்டால் நாலு வாரத்தில் கை பழகிவிடும். அங்கே 16. ஒரு மதிப்பெண்ணில் 9 என்று வைத்துக்கொண்டால் 25. மீதி 10-க்கு முதல் பாடமான உறவுகளும் சார்புகளும் ஒன்றை மட்டும் முழுதாகப் பிடித்துக்கொள்ளட்டும். இரண்டு மதிப்பெண்ணிலும் ஐந்து மதிப்பெண்ணிலும் அதிலிருந்து வரும். எல்லாப் பாடத்தையும் அரைகுறையாகத் தொடுவதுதான் 28, 30-ல் நிற்பதற்குக் காரணம்.

பென்சிலைக் கூராக்கிக்கொண்டு போகச் சொல்லுங்கள். மொட்டை பென்சிலால் வரைந்த தொடுகோடு வட்டத்தை வெட்டிக்கொண்டு போகும், அதில் இரண்டு மதிப்பெண் போகும்.

துணைத்தேர்விலும் போனாலும் அவன் கையில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சி இருக்கிறது. வயர்மேன், வெல்டர் போன்ற ஐ.டி.ஐ. பிரிவுகளுக்கு அது போதும். சேர்ந்துகொண்டே விட்டுப்போன பாடத்தையும் எழுதலாம்.

என் தங்கைக்கு 16 வயது. பத்தாவது நல்ல மார்க். அத்தை மகனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். நான் மருமகளாகப் போன வீட்டில் இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்?
- பேரணாம்பட்டு வாசகி

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 முடியாமல் நடக்கிற திருமணம் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நடத்தி வைக்கிறவருக்கு 2 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்தால் உங்கள் பெயர் வெளியே வராது, பெண்கள் உதவி எண் 181-லும் சொல்லலாம். ஆனால் மண்டபம் போட்ட பிறகு அதிகாரி வந்து நிறுத்துகிற கல்யாணம் பல சமயம் வேறு ஊரில், ராத்திரியோடு ராத்திரியாக நடக்கிறது. அதனால் பேச்சு நிலையிலேயே இரண்டு வேலை சேர்ந்து நடக்க வேண்டும்.

கவனித்துப் பாருங்கள்: பத்தாவது ரிசல்ட் மே மாதம். சித்திரை, வைகாசி முகூர்த்தங்களும் அப்போதுதான். பிளஸ் ஒன் சேர்க்கை அந்த இடைவெளியிலேயே நடக்கிறது. அந்த ஆறு வாரத்தில் பள்ளியில் பெயர் ஏறிவிட்ட பெண்ணுக்கும் வீட்டில் சும்மா இருக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் நிறைய. ஆகவே முதலில் சேர்க்கை. மாமா, தாத்தா யாரையாவது கூட அனுப்பி மார்க் ஷீட் வந்த அன்றே விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள். தூரம் என்று சொன்னால், பிளஸ் ஒன்னில் விலையில்லா சைக்கிள் உண்டு, பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது. வீட்டுச் சூழலே சரியில்லை என்றால் அரசு மாணவியர் விடுதி. பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் வீட்டிலிருந்து பள்ளி 8 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்ற விதி பெண்களுக்குக் கிடையாது.

பெரியவர்களிடம் சட்டம் பேசினால் முகம் சுருங்கும், கணக்குப் பேசுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியிலோ டிப்ளமோவிலோ சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். மூன்று வருடப் பட்டப்படிப்புக்கு 36,000. "அதுவரைக்கும் நிச்சயத்தோட நிறுத்தி வைங்க" என்று ஒத்திவைக்கக் கேட்பது, "கல்யாணமே வேண்டாம்" என்பதைவிட எளிதாக எடுபடும். அதற்கும் மசியாமல் தேதி குறித்துவிட்டால் அன்றே 1098.

கணவர் சாலை விபத்தில் இறந்து ஏழு மாதம் ஆகிறது. பத்தாவது படிக்கும் மகன் வேலைக்குப் போகிறேன் என்கிறான். ஏதாவது உதவி உண்டா?
- வாலாஜாபேட்டை வாசகி

மூன்று இடத்தில் இருக்கிறது, மூன்றும் தனித்தனி. அரசு, அரசு உதவிபெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் வருமானம் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால் பிள்ளை பெயரில் 75,000 ரூபாய் வைப்புத்தொகை போடுகிறார்கள். இறப்புச் சான்று, முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, வாரிசுச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றோடு தலைமை ஆசிரியர் மூலம் விண்ணப்பியுங்கள். இது பற்றிப் பள்ளியே சொல்லும் என்று காத்திருக்காதீர்கள்.

இரண்டாவது, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் 'நிதி ஆதரவு'. மாதம் 4,000 ரூபாய். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000-க்குள் இருக்க வேண்டும். இங்கே சறுக்குகிற இடம் வருமானச் சான்று. கணவர் இருந்த காலத்துப் பழைய சான்றைக் கொடுத்துவிடுகிறார்கள், தொகை வரம்பைத் தாண்டி நிற்கிறது. இப்போதைய வருமானத்துக்குப் புதிதாக எடுங்கள்.

மூன்றாவது சிறியது. 10, 11, 12-ஆம் வகுப்புக்கு 1,500, 1,500, 2,000 என்று இடைநிற்றலைத் தடுக்கும் ஊக்கத்தொகை, மொத்தம் 5,000. பன்னிரண்டாவது முடித்தால்தான் கைக்கு வரும். மகனிடம் இந்தத் தொகைகளை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். "நான் போனாத்தான் வீடு நடக்கும்" என்று நினைக்கிற பையனுக்கு ஆறுதலைவிட அந்தத் தாள் உதவும்.

பொங்கல் முடிந்ததும் செங்கல் சூளைக்குப் போய்விடுவோம், திரும்ப ஜூன் ஆகும். பெரியவன் பத்தாவது, சின்னவள் ஆறாவது. படிப்புக்கு என்ன செய்வது?
- ஜவ்வாது மலை, ஒடுகத்தூர் வழி

பெரியவனைக் கூட்டிப் போகாதீர்கள். பிப்ரவரியில் அறிவியல் செய்முறைத் தேர்வு, பிறகு பொதுத்தேர்வு, இரண்டும் நீங்கள் இல்லாத மாதத்தில் வருகின்றன. முன்பணம் வாங்கும்போதே அவன் கையையும் கணக்கில் சேர்த்துப் பேசிவிடுகிறார்கள், அங்கேயே மறுத்துவிடுங்கள். தாத்தா பாட்டி இல்லையென்றால் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி அல்லது விடுதி. ஜூனில் சேர்ப்பதுதான் வழக்கம் என்றாலும் இடம் காலியாக இருந்தால் நடுவிலும் கேட்கலாம், டிசம்பரிலேயே கேளுங்கள்.

சின்னவள் உங்களோடு வந்தால் சூளைக்குப் பக்கத்து அரசுப் பள்ளியில் அன்றே சேர்க்கலாம். டி.சி. இல்லை என்று 14 வயது வரை எந்தப் பள்ளியும் திருப்பி அனுப்ப முடியாது. எமிஸ் எண்ணை மட்டும் ஒரு அட்டையில் எழுதி எடுத்துப் போங்கள். இன்னொன்று, பழங்குடிச் சாதிச் சான்று வாங்க ஆர்.டி.ஓ. அலுவலகம் வரை போக வேண்டும், நாளாகும். பெரியவனுக்கு இன்னும் இல்லையென்றால் பிளஸ் டூ வரை தள்ளாமல் இப்போதே விண்ணப்பியுங்கள்.

வயது 19. எட்டாவதோடு நின்று ஷூ கம்பெனியில் இருக்கிறேன். பத்தாவது எழுதலாமா?
- ஆம்பூர் வாசகர்

எழுதலாம், தம்பி. நேரடித் தனித்தேர்வராக எல்லாப் பாடமும் ஒரே தடவையில் எழுத வேண்டும். பதினான்கரை வயது முடிந்திருந்தால் போதும், மேல் வரம்பு இல்லை. எட்டாவது தேர்ச்சி என்று எழுதிய டி.சி. அல்லது ரெக்கார்டு ஷீட் வேண்டும். தொலைந்திருந்தால் படித்த பள்ளியின் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும். எட்டாவதை நடுவில் விட்டிருந்தால் முதலில் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வு.

நிறையப் பேர் மாட்டிக்கொள்வது அறிவியலில். செய்முறை வகுப்புக்கு முன்கூட்டியே பெயர் பதிந்து 80 சதவீதம் வருகை வைத்தால்தான் தேர்வு எழுத விடுவார்கள். அந்தப் பதிவு கல்வியாண்டின் தொடக்கத்தில், மே, ஜூன் வாக்கில் நடக்கும். டிசம்பரில் தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போய் இது தெரிந்தால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும். மே முதல் வாரமே அரசுத் தேர்வுகள் சேவை மையத்தில் கேளுங்கள். ஷிப்ட் மாற்றித் தருவார்களா என்று சூப்பர்வைசரிடம் அதற்கு முன்னாலேயே பேசி வைத்துவிடுங்கள்.